ஜெர்மனி: வின்டர் வீல் வாங்கிவிட்டேன், டயர் கடையில் மாட்ட மாட்டேன் என்கிறார்கள்

கோபிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊர் கோபி, ஸ்டுட்கார்ட் வந்து நாலு மாசம் ஆகிறது. அலாய் வீலோடு சேர்த்து வின்டர் டயர் செட் ஒன்றை ஒருவரிடம் 240 யூரோ ரொக்கம் கொடுத்து வாங்கினேன். இன்று டயர் கடைக்குக் கொண்டுபோனால், அங்கிருந்த பையன் வீலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு "ராட்லாஸ்ட் (வீல் தாங்கும் எடை) பத்தாது" என்று கையை விரித்துவிட்டான். போல்ட் ஓட்டை ஐந்தும் கனகச்சிதமாகப் பொருந்துகிறது. சனிக்கிழமை ஃப்ராங்க்ஃபர்ட் போயே ஆகணும், பனி விழும் என்கிறார்கள். சீக்கிரம் யாராவது சொல்லுங்க.

திருப்பூர் சிங்கம்:
அதெல்லாம் இருக்கட்டும், லைசென்ஸ் மாற்றியாச்சா? குடிவந்து ஆறு மாசம்தான் நம்ம ஊர் லைசென்ஸ் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் உண்டு. தாராபுரம் ரோட்டில் பதினைந்து வருஷம் ஓட்டியவன் நான். தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை என்று இரண்டு தடவை பெயிலாக்கினார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க இருட்டில் பஸ்ஸுக்கு நின்றதை நினைத்தால் இப்பவும் முழங்கால் வலிக்கிறது.

பொள்ளாச்சி அக்கா:
வந்து நாலு மாசத்தில் கார் எதுக்குங்க தம்பி? 2023-ல் மாசம் முழுக்க பஸ், ரயிலில் போக 49 யூரோ டிக்கெட் வந்ததிலிருந்து நாங்க வண்டியை எடுப்பதே அபூர்வம். இன்றைக்கு விலை ஏறிவிட்டது, ஆனாலும் கார் செலவுக்குப் பக்கத்தில் வராது. முதல் வருஷம் குழந்தை வண்டியில் ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் அரிசி மூட்டை என்று பனியில் தள்ளிக்கொண்டு போனவள் நான்.

கரூர் மாப்பிள்ளை:
கடைக்காரன் புது வீல் விற்கப் பார்க்கிறான். வீலில் கே.பி.ஏ. (ஜெர்மன் வாகனத் துறை) நம்பர் இருக்கிறதா? இருந்தால் அரசாங்கமே ஒத்துக்கொண்ட வீல்தான். ஜாக்கி வைத்து நீங்களே மாட்டிக்கொண்டு போங்க. நான் இரண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை.

சங்ககிரி லாரி வீடு:
மாப்ளே, தனியாளாக ஆபீஸ் போய் வந்தால் ஒன்றும் ஆகாதுதான். அந்த நம்பர் இருப்பது நல்லது, ஆனால் அதற்குண்டான அனுமதித் தாளில் உங்க கார் மாடலும் இருக்கணும். அந்தத் தாளில் இல்லாத வண்டிக்கு மாட்டினால் டூஃப் என்கிற வண்டிச் சோதனை நிலையத்துக்குப் போய்த் தனியாகச் சான்று வாங்கணும். வாங்காமல் ஓட்டினால் வண்டியின் அனுமதியே போய்விடும், விபத்து என்றால் இன்சூரன்ஸிலும் இழுபறி.

கோபி தம்பி, என்ன கார் என்றே நீங்க சொல்லவில்லையே? எத்தனை பேர் போறீங்க?

திருப்பூர் சிங்கம்:
டூஃபில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் பனியே உருகிவிடும். எதற்கெடுத்தாலும் ஒரு தாள், தாளுக்கு ஒரு முத்திரை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பஞ்சர் ஒட்ட ஆள் உண்டா இந்த நாட்டில்?

கரூர் மாப்பிள்ளை:
அதைச் சொல்லுங்க. நம்ம ஊரில் 2018-ல் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னை 18.5 என்று மாற்றினார்கள். அதே லாரி, அதே வீல் டிஸ்க். ஒரே ராத்திரியில் பலம் வந்துவிட்டதா?

சங்ககிரி லாரி வீடு:
அது வேறு கதை. ஆனால் டிஸ்க்கில் விரிசல் விடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் நட்டு ஓட்டைக்குப் பக்கத்தில் முடி மாதிரி ஒரு கோடு விழும், அதிலிருந்து துரு கசிந்து காவி நிறத்தில் வழிந்திருக்கும். லோடு ஏற்றுமுன் எங்கப்பா டார்ச் அடித்து அதைத்தான் தேடுவார். அலுமினியத்தில் துருவும் வராது, கோடு சுலபமாகக் கண்ணிலும் படாது.

கோபிக்காரன்:
மன்னிக்கணும், அவசரத்தில் விட்டுப்போச்சு. வண்டி 2012 ஃபோக்ஸ்வாகன் டூரான், ஏழு சீட்டு. ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், அவர்களைக் கூட்டி வரத்தான் போகிறோம். நாங்க நாலு பேர், திரும்பும்போது ஆறு. 23 கிலோ பெட்டி நாலு. அது போதாதென்று அம்மா சந்தகை (இடியாப்பம்) பிழியும் மெஷினையும் எடுத்து வருகிறார், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. வாங்கிய வீலின் உள்பக்கம் 560 என்று இருக்கிறது. டயர் 205/55 ஆர்16 91.

பொள்ளாச்சி அக்கா:
அடடா, அம்மா அப்பாவா! அப்ப கார்தான் வேணும். சந்தகை மெஷினைத் தடுக்காதீங்க.

சங்ககிரி லாரி வீடு:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அரை நாள் மிச்சம். ஃபார்ட்சொய்க்‌ஷைனை, அதான் வண்டிப் பதிவுத் தாளை எடுங்க. 8.1-ல் முன் அச்சு, 8.2-ல் பின் அச்சு எவ்வளவு தாங்கலாம் என்று இருக்கும். டயர் அளவு 15.1, 15.2-ல் இருக்கும். இழுவைக் கொக்கி இருந்தால் 22-ஐயும் பாருங்க, பின் அச்சுக்குக் கூடுதல் எடை எழுதியிருப்பார்கள்.

கோபிக்காரன்:
8.1-ல் 1,070. 8.2-ல் 1,160. டயர் இரண்டிலும் 205/55 ஆர்16 91. கொக்கி இல்லை.

சங்ககிரி லாரி வீடு:
சரி, கணக்கு இவ்வளவுதான். ஒரு அச்சில் இரண்டு வீல், ஆக 1,160-இல் பாதி 580. உங்க வீல் தாங்குவது 560 கிலோ. வண்டி காலியாக இருந்தாலும் அந்த 580-ஐ வைத்துத்தான் பார்ப்பார்கள். கடைப் பையன் சொன்னது சரி. இதே ஐந்து ஓட்டை, இதே 112 மி.மீ. ஓட்டை வட்டத்தில் சின்னக் காருக்கும் வீல் செய்கிறார்கள். ஓட்டை பொருந்துவதும் எடை தாங்குவதும் வேறு வேறு.

ஆனால் டயரில் இருக்கும் 91 எடைக் குறியீடு, 615 கிலோ தாங்கும். டயர் பிழைத்தது, வீல்தான் தேறவில்லை. இப்ப காரில் இருப்பது கம்பெனி வீலா?

கோபிக்காரன்:
ஆமாங்க, கம்பெனி 16 இஞ்ச் அலாய். கோடை டயர் போட்டிருக்கு.

சங்ககிரி லாரி வீடு:
அப்ப வேலை சுலபம். கம்பெனி வீலிலிருந்து கோடை டயரைக் கழற்றிவிட்டு இந்த வின்டர் டயரை அதில் ஏற்றி பேலன்ஸ் பண்ணச் சொல்லுங்க. கோடைக்கு வேறு வீலை ஏப்ரலுக்குள் நிதானமாகத் தேடலாம். ஏற்றுமுன் டயரில் மலையும் பனிப்பூவும் போட்ட முத்திரை இருக்கிறதா பாருங்க, 2024 அக்டோபரிலிருந்து வெறும் எம்+எஸ் (சேறு, பனி) எழுத்து மட்டும் செல்லாது. பனியில் அதோடு போலீஸிடம் சிக்கினால் 60 யூரோ அபராதமும் ஒரு தண்டப் புள்ளியும். டயர் செய்த தேதி நான்கு எண்ணில் இருக்கும்: 3619 என்றால் 2019-இன் 36-ஆவது வாரம். டயர் பட்டன் பள்ளம் 4 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பனிக்கு உதவாது.

கரூர் மாப்பிள்ளை:
நானும் என் வீலைக் கவிழ்த்துப் பார்த்தேன். 615 இருக்கிறது, தப்பித்தேன்.

கோபிக்காரன்:
முத்திரை இருக்குங்க, தேதி 4121, பள்ளம் 6. நாளை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். விற்றவர் ஒரு பையில் 20 போல்ட்டும் கொடுத்தார், புதுசாகவே இருக்கிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா?

சங்ககிரி லாரி வீடு:
தொடாதீங்க. அது அந்த அலாய்க்கானது, அடிப்பாகம் கூம்பாக இருக்கும். உங்க கம்பெனி வீலுக்கு உருண்டை அடி. பழைய போல்ட்டையே 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கச் சொல்லுங்க. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் முழு லோடுக்கு எவ்வளவு காற்று என்று ஒட்டியிருக்கும், பின்னால் அந்த அளவு. ஃப்ராங்க்ஃபர்ட் போகிற வழியில் 50 கிலோமீட்டரில் நிறுத்தி போல்ட்டை ஒருதரம் மறுபடி முறுக்குங்க, அளவு வைத்து முறுக்கும் டார்க் ஸ்பேனர் இல்லையென்றால் வெள்ளி ராத்திரி என் வீட்டில் வந்து வாங்கிக்கோங்க, பக்கத்தில் ப்யோப்லிங்கன்தான்.