வீடியோ கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றிய அனுபவங்கள்

வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் பழைய வி.எச்.எஸ். கேசட்டுகள் எல்லாம் நம் தலையில்தான் வந்து விழும். எனக்கும் அப்படித்தான் வந்தது. எந்த மென்பொருள், படத்தைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் எந்த கேப்சர் கார்டு, எந்த டிஸ்க் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், பணமும் பொறுமையும் முதலில் போக வேண்டிய இடம் கேசட்டை ஓட்டும் டெக். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கம்ப்யூட்டரில் செய்யும் வேலை சரியில்லை என்றால் திரும்பச் செய்துகொள்ளலாம். நாடாவில் இருந்து படம் ஒழுங்காக இறங்கவில்லை என்றால் பின்னால் எதை வைத்தும் ஈடுகட்ட முடியாது.

புது டெக் கிடைக்காது. கடைசிவரை இந்த டெக்கை, அதாவது வி.சி.ஆரை, தயாரித்துவந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனமே 2016-இல் நிறுத்திவிட்டது. ஆக, யாரோ ஓட்டித் தேய்த்த டெக்கைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். எனக்குக் கிடைத்ததில் கேசட்டைப் போட்டால் திரை முழுக்கப் புள்ளி மழை, அதற்குப் பின்னால் நிழல் மாதிரி ஆட்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால், பளபளவென்று ஒரு உலோக உருளை சற்றே சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அதுதான் டிரம். அதன் நடுவிளிம்பில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் பொடிச் சில்லுகள்தான் நாடாவில் இருந்து படத்தைப் படிக்கும் ஹெட். வெள்ளைத் தாளைச் சிறு துண்டாக வெட்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் மேல் பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டிரம்மை மெதுவாகச் சுற்றினேன். தாளில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. அப்புறம் முகங்கள் தெரிந்தன. தாளை மேலும் கீழும் தேய்க்கவே கூடாது. பஞ்சுக்குச்சியும் வேண்டாம், நார் மாட்டினால் ஹெட் பெயர்ந்துவிடும்.

அடுத்து வந்தது ஒலிப் பிரச்சினை. தொடக்கத்தில் உதடும் பேச்சும் சரியாக இருக்கும். போகப் போக உதடு முதலில் அசையும், பேச்சு பின்னால் வரும். கேசட்டின் முடிவில் ஒருவர் பேசி முடித்து எழுந்து போன பிறகு அவர் குரல் கேட்கிறது! காரணம் கம்ப்யூட்டரின் வேகம் என்று நினைத்து ரேம் வாங்கப் போகாதீர்கள். வீட்டு கேசட்டில் ஒரே நாடாவில் பல நிகழ்ச்சிகளைத் தொட்டுத் தொட்டு எடுத்திருப்பார்கள். ஒவ்வொரு ஒட்டிலும் சிக்னல் ஒரு கணம் தடுமாறும். அந்த இடத்தில் கேப்சர் கார்டு சில ஃபிரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களைத் தவறவிடும், ஒலி மட்டும் விடாமல் பதிவாகிக்கொண்டே போகும். வெர்ச்சுவல் டப் மென்பொருளில் பிடித்தால் எத்தனை ஃபிரேம் தவறியது என்ற எண்ணிக்கை பக்கத்திலேயே ஓடும். அதில் ஒரு கண் இருக்கட்டும்.

இதற்கு முறையான மருந்து, சிக்னலின் நேரத் தடுமாற்றத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி. அது கிடைக்காதபோது, மூலையில் கிடந்த பழைய டி.வி.டி. ரெக்கார்டரை டெக்குக்கும் கார்டுக்கும் நடுவில் சொருகினேன். அதில் எதையும் பதியவில்லை, படம் அதன் வழியாகச் சும்மா கடந்து போகிறது, அவ்வளவுதான். திரையின் மேல்பகுதி கொடி மாதிரி வளைந்து ஆடிக்கொண்டிருந்தது நின்றது, தவறும் ஃபிரேம்களும் நின்றன. எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்யாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

கேசட் நம் ஊரில் வழங்கிய பால் (PAL) வீடியோ முறை என்றால் பிடிக்க வேண்டிய படத்தின் அளவு 720×576 புள்ளி, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்காவில் வழங்கிய என்.டி.எஸ்.சி. முறை என்றால் 720×480, நொடிக்கு 29.97. மலிவான யூ.எஸ்.பி. கேப்சர் குச்சிகள் சில எதைக் கொடுத்தாலும் 640×480 ஆக்கி 30 ஃபிரேமில் துப்பும். அசைவு வெட்டி வெட்டி வரும்.

*

நல்ல பதிவு நண்பரே. என்னிடம் இருந்தவை 8 மி.மீ. கேமரா கேசட்டுகள், அதனால் என் பாதை வேறு. டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாடல்கள் பழைய வீடியோ8, ஹை8 கேசட்டுகளையும் ஓட்டும். அப்படி ஒன்றை இரவல் வாங்கி, ஃபயர்வயர் கேபிளில் நேராக இறக்கினேன். டிஜிட்டல் வீடியோ (DV) வடிவத்தில் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. வரும். ஒலி நழுவல் எனக்கு வரவே இல்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அனலாக் வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதிகளாக, ஒன்றுவிட்டு ஒரு கோடாக வரும். DV வடிவத்தில் இரண்டாம் கோட்டில் தொடங்கும் கீழ்ப்பாதி முதலில். கேப்சர் கார்டுகளில் பெரும்பாலும் முதல் கோட்டில் தொடங்கும் மேல்பாதி முதலில். டி.வி.டி. தயாரிக்கும்போது இதை மாற்றிக் கொடுத்துவிட்டால், ஓடுகிற குழந்தை முன்னும் பின்னுமாக நடுங்கிக்கொண்டே ஓடும்.

*

கேசட்டைப் போடுவதற்கு முன்னால் அதன் சின்னக் கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள் சார். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் டெக்கின் பாதை முழுக்க ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். எங்கள் கேசட்டுகளில் பூத்தவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். மற்றவற்றை ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றிய பிறகுதான் ஓட்டினேன். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த நாடாவின் இறுக்கம் அதில் தளர்கிறது.

*

நான் இதெல்லாம் நமக்கு ஆகாது என்று ஒரு இடத்தில் கொடுத்துவிட்டேன். மூன்று மணி நேர கேசட்டை ஒரே டிஸ்க்கில் திணித்துக் கொடுத்தார்கள். யாராவது திரும்பினாலே முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. மூலக் கோப்பு கேட்டால், அழித்துவிட்டோம் என்றார்கள். கேசட்டாவது பத்திரமாகத் திரும்பி வந்ததே என்று இருக்கிறேன். இது கேசட்டின் கோளாறா, அவர்கள் செய்ததா?

*

கட்டம் கட்டமாக உடைவது கேசட்டில் வராது, அது அவர்கள் செய்ததுதான். கணக்கைப் பாருங்கள். சாதாரண டி.வி.டி. 4.7 ஜி.பி. இரண்டு மணி நேரம் வைத்தால் படத்துக்கு நொடிக்கு சுமார் 5 மெகாபிட் தகவல் கிடைக்கும். மூன்று மணி நேரம் என்றால் 3.5 கூடத் தேறாது. வி.எச்.எஸ். படத்தில் இருக்கும் புள்ளி இரைச்சலே அதில் பாதியைத் தின்றுவிடும். நான் ஒரு டிஸ்க்குக்கு ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை என்று வைத்துக்கொள்கிறேன். ஒரே டிஸ்க்தான் வேண்டும் என்றால் 352×576 அளவில் செய்யலாம். டி.வி.டி. விதிகளில் அதற்கு இடம் உண்டு. வி.எச்.எஸ்.ஸின் தெளிவு குறுக்கே சுமார் 240 கோடுகள்தான் என்பதால் பெரிதாக எதுவும் இழப்பில்லை.

கேசட் கையில் இருக்கிறதல்லவா, மறுபடி ஏற்றுங்கள். இந்த முறை ஹஃப்யுவ் மாதிரி இழப்பில்லாத வடிவத்தில் பிடித்து, அந்தக் கோப்பையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 ஜி.பி. அளவுக்கு இடம் பிடிக்கும், பரவாயில்லை. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பிரதி இருக்கட்டும். டி.வி.டி. என்பது பெரியவர்கள் டிவியில் போட்டுப் பார்க்க, அவ்வளவுதான். எழுதும் டிஸ்க்கில் இருப்பது வெறும் சாயம், அதை நம்பி மூலத்தை அழிக்கக் கூடாது.

எழுதும்போது வேகத்தை 4 அல்லது 8 மடங்குக்குள் வைத்து, முடிந்ததும் சரிபார்க்கும் வசதியையும் ஓட்டிவிடுங்கள். வீடியோ_டி.எஸ். கோப்புறையோடு டி.வி.டி. வீடியோவாக எழுத வேண்டும். வெறும் கோப்பாக எழுதினால் பல பிளேயர்கள் திரும்பிக்கூடப் பார்க்காது. மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சமநிலை தவறி டிஸ்க் சுழலும்போது உதறும். டிஸ்க்குக்கென்றே விற்கும் மார்க்கர் பேனாவால் பெயரும் தேதியும் எழுதினால் போதும்.