புதுப்பிப்பு: லோக்கல் ரயில் பயம்

மும்பையில் சயான்–குர்லா ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஒருவர் ஓடும் லோக்கலிலிருந்து விழுந்ததைப் பார்த்த பிறகு ரயில் ஏறவே கை நடுங்குகிறது, விசுவாசி இப்படிப் பயப்படலாமா என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, என்ன ஆச்சு என்று நிறைய பேர் கேட்டதால் இது.

மறுபடி ரயிலில்தான் போகிறேன். பயம் முழுசாகப் போகவில்லை. தாராவியில் எங்கள் சபை ஆயர் சங்கீதம் 56:3-ஐத் திறந்து காட்டினார்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயமே இல்லாத நாளில் என்று தாவீது பாடவில்லையே! சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவுக்கே வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது என்று லூக்கா 22:44-இல் இருக்கிறது, அப்புறம் குர்லா வரும்போது எனக்கு நெஞ்சு படபடத்தால் அது எப்படி அவிசுவாசம் ஆகும்? மரித்தோர் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று ஞாயிறு ஆராதனையில் கடகடவென்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை இப்போது பிளாட்பாரத்தில் நின்று மெதுவாகச் சொல்கிறேன், மூச்சு சீராகிறது.

விசுவாசம் இருந்தால் வாசலில் தொங்கிக்கொண்டே போகலாமே என்றார் ஒரு அண்ணன். சரி, ஆலய உப்பரிகையிலிருந்து குதி என்று பிசாசு சொன்னபோது இயேசு குதித்தாரா? மத்தேயு 4-ஐப் பாருங்கள். கூட்டம் பிதுங்கினால் அடுத்த வண்டிக்கு நிற்கிறேன், மேனேஜர் முறைத்தால் முறைக்கட்டும்.