சிறு காயங்களையும் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். கோவையில் உள்ள ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பதிவேடுகளைப் பராமரிக்கும் பொறுப்பை அண்மையில் ஏற்றுள்ளேன். உருகிய இரும்பை அச்சில் ஊற்றும்போது தெறித்துக் காலில் படும் சிறு தீக்காயங்களுக்கு மருந்து போடுவதோடு சரி, யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதினால் ஆய்வாளர் கேள்வி கேட்பார் என்கிறார்கள். கிரேன் சங்கிலிகளின் சோதனைத் தாள்களையும் மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்புகிறார்கள். எது சரியான முறை?

மறுமொழி 1:
கட்டாயம் எழுதுங்கள் ஐயா. இதில் தொழிலாளியின் பணமும் அடங்கியிருக்கிறது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் சாதாரண நோய்க்கான உதவித்தொகை சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு. வேலையில் ஏற்பட்ட காயத்தால் பணிக்கு வர முடியாமல் போனால் 90 விழுக்காடு. இன்று சிறியதாகத் தெரியும் தீக்காயம், சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்குச் சில நாட்களில் சீழ் பிடித்து அவர் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், விபத்துப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத நிலையில், அது பணியிடக் காயம்தான் என்று நிறுவ அவர் அலைய வேண்டியிருக்கும். "காலில் காயம்" என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். எந்தக் கால், எத்தனை மணிக்கு, எந்த உலைக்கு அருகில், பாதுகாப்புக் காலணி அணிந்திருந்தாரா, உடனிருந்து பார்த்தவர் யார் என்பதெல்லாம் அன்றைக்கே பதிவாக வேண்டும்.

மறுமொழி 2:
சங்கிலித் தாள்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. தூக்கும் கருவிகளையும் சங்கிலிகளையும் தகுதியுள்ள ஒருவர் 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 29ஆம் பிரிவில் வகுத்தது. அந்தச் சோதனை வேறு, உங்கள் அன்றாடப் பார்வை வேறு. இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். ஒவ்வொரு சங்கிலிக்கும் தனி எண் பொறித்து, கண்ணி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அளந்து, அந்த அளவையே எழுதுங்கள். மாதம் முழுவதும் "நன்று" என்றிருக்கும் தாளை வைத்து, தேய்மானம் எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. தவறாக எழுதியதை வெள்ளை மை பூசி மறைக்காமல், ஒரு கோடிட்டு அடித்து, தேதியுடன் சுருக்கொப்பம் இடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரவு ஷிஃப்டில் அலுவலகம் பூட்டியிருக்கும். அப்போது யார் எழுதுவது?

மறுமொழி 1:
பதிவேட்டை அலுவலக அலமாரியில் வைக்காமல் முதலுதவிப் பெட்டிக்கு அருகிலேயே வையுங்கள். மருந்து போடுபவரே எழுதட்டும். அதைக் காயம்பட்டவருக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கையொப்பம் வாங்கட்டும். காலையில் நீங்கள் வந்ததும் அந்த இடத்தை நேரில் பார்த்து, உங்கள் குறிப்பைத் தனியாக எழுதிக் கொள்ளலாம்.