4கே டிஸ்க் பிளேயர்ல ஓட மாட்டேங்குது, ஓடிடி 4கே-வும் சுமாரா தான் இருக்கு, இன்னா பண்ணலாம்?

பழைய வண்ணாரப்பேட்டை பையன்:

வணக்கம் மக்களே. பொங்கல் ஆஃபர்ல வீட்ல 55 இஞ்ச் 4கே டிவி ஒண்ணு எடுத்தோம். ஓடிடி-லயும் இருக்கறதுலயே பெரிய பிளான் தான் போட்ருக்கேன், படத்துக்கு பக்கத்துல அல்ட்ரா எச்டின்னு போட்டு தான் இருக்கு, ஆனா ராத்திரி சீன் வந்தா போதும் வானம் பூரா படி படியா கோடு தெரியுது, புகை மூட்டம் வர்ற சீன்லாம் கேக்கவே வேணாம், கட்டம் கட்டமா நகருது. சரி இதுக்கு தானே டிஸ்க்குனு ஒண்ணு இருக்குன்னு மாமா சிங்கப்பூர்ல இருந்து வரும்போது ஒரு இங்கிலீஷ் படம் 4கே டிஸ்க் வாங்கியாற சொன்னேன். வந்துச்சு, கருப்பு டப்பா, பாக்கவே கெத்தா இருக்கு. வீட்ல இருக்கற ப்ளூரே பிளேயர்ல போட்டா சுத்துது, சுத்துது, சுத்துது, அப்புறம் படிக்க முடியலன்னு வெளிய தள்ளுது. இத்தனைக்கும் பிளேயர் நெத்தியிலயே 4கே அப்ஸ்கேலிங்னு ஸ்டிக்கர் ஒட்டிருக்கான்!

கடையில போய் கேட்டா கேபிள மாத்துன்னு சொல்லி ஒரு 4000 ரூபா கேபிள கையில குடுக்கறாங்க. வாங்காம வந்துட்டேன்.

இன்னொண்ணு, எங்க ஹாலே பத்தடி தான், சோபாலாம் போட எடம் கெடையாது, கட்டில்ல உக்காந்து ஒரு ஆறடி தூரத்துல தான் பாக்கறோம். இவ்ளோ கிட்டத்துல 4கே-லாம் தேவையான்னு வீட்ல கேக்கறாங்க. பதில் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

டிஸ்க் பைத்தியம்:

தம்பி, கேபிள வாங்காம வந்தியே அதுவே பெரிய விஷயம். டிஸ்க்க படிக்கறதுக்கும் கேபிளுக்கும் சம்பந்தமே இல்ல.

அப்ஸ்கேலிங்னு போட்டா அது 1080பி, அதாவது பழைய ஃபுல் எச்டி படத்த எடுத்து பெருசாக்கி டிவிக்கு அனுப்பும், அவ்ளோ தான். 4கே டிஸ்க்க படிக்கும்னு அர்த்தம் இல்ல. பழைய ப்ளூரே 2006-ல வந்தது, 25 இல்ல 50 ஜிபி. 4கே டிஸ்க் 2016-ல வந்தது, 66, 100 ஜிபி-னு டேட்டாவ இன்னும் நெருக்கி எழுதிருப்பான், 100 ஜிபி-ல மூணு லேயர் வேற. உன் பிளேயரோட லேசர் அதுக்காக செஞ்சதே கெடையாது. அப்படியே படிச்சாலும் உள்ள இருக்கறது எச்.265-ன்ற முறைல சுருக்குன வீடியோ, அத அவுக்க சிப்பு வேணும், காப்பி அடிக்காம இருக்க போட்ட பூட்டும் புதுப் பூட்டு, அதுக்கு சாவி வேணும். ஆக தனி அல்ட்ரா எச்டி பிளேயர் இல்லாம ஓடாது.

ஒண்ணு பண்ணு, டப்பாவ முழுசா தொறந்து பாரு. நெறய 4கே டப்பாவுல சாதா ப்ளூரே ஒண்ணும் சேத்து வெச்சிருப்பான். இருந்தா இப்போதைக்கு அத போட்டு பாக்கலாம். ஆனா அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கெடையாது, எந்த நாட்ல வாங்குனாலும் ஓடும், சாதா ப்ளூரேக்கு உண்டு. சிங்கப்பூர் ரீஜன் ஏ, நம்ம ஊரு ரீஜன் சி. சில கம்பெனி பூட்டாம விடுவான், உன் அதிர்ஷ்டம்.

பிளேயருக்கு பதிலா கேம் கன்சோல் கூட போதும். பிஎஸ்5, இல்லன்னா எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எதுவானாலும் டிஸ்க் டிரைவ் இருக்கறதா பாத்து எடு. பிஎஸ்4 ப்ரோ-ன்னு எவனாச்சும் விக்க வந்தா ஏமாறாத, கேம் தான் 4கே, டிஸ்க்க எடுக்காது.

மின்ட் மச்சான்:

ஏன் பா இவ்ளோ செலவு, லேப்டாப்புக்கு யூஎஸ்பி டிரைவ் ஒண்ணு வாங்கி மாட்டினா முடிஞ்சி போச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல கெடைக்காததா.

டிஸ்க் பைத்தியம்:

மச்சான் அது டிரைவோட முடியாது. கம்ப்யூட்டர்ல முறையா 4கே டிஸ்க் ஓடணும்னா இன்டெல் சிப்புல எஸ்ஜிஎக்ஸ்னு ஒரு பாதுகாப்பு வசதி இருக்கணும், 11வது தலைமுறைல இருந்து அத தூக்கிட்டான். அதாவது புது லேப்டாப் வாங்குனவனுக்கு தான் ஓடாது. இத விட கேவலமா காசு குடுத்து வாங்கறவன எவனும் நடத்த முடியாது.

காசிமேட்டு காத்து:

எல்லாரும் டிஸ்க்க பத்தியே பேசிகினு இருக்கீங்க, அந்த பையன் ஆறடி மேட்டர கேட்டான் பாரு, அத நா சொல்றேன்.

55 இஞ்ச்ல 1080பி-க்கும் 4கே-க்கும் வித்தியாசம் நல்ல கண்ணுக்கு தெரியணும்னா ஏழடிக்குள்ள உக்காரணும். அதுக்கு மேல போனா புள்ளி எல்லாம் ஒண்ணா கலந்துரும், 4கே போட்டாலும் ஒண்ணு தான் 1080பி போட்டாலும் ஒண்ணு தான். பெரிய பங்களா வெச்சிகினு பதினஞ்சடி தள்ளி சோபா போட்டு பாக்கறான் பாரு, அவனுக்கு தான் 4கே தண்டம். நம்ம சைடு குடித்தனத்துக்கு தான்யா இத கண்டுபுடிச்சதே! வீட்ல கேட்டாங்கன்னா இத சொல்லு. மூணரை அடிக்கு போனா தான் 4கே புள்ளியே கண்ணுக்கு தெரிய ஆரம்பிக்கும், அவ்ளோ கிட்ட எவனும் போ மாட்டான்.

அப்புறம் டிவிய தொறந்தவொடனே வர்ற விவிட் மோடு, அத மொதல்ல மாத்து. சினிமா இல்ல ஃபிலிம்மேக்கர் மோடுக்கு போ, நடு நடுவுல டிவியே ஃபிரேம் சேக்கற மோஷன் ஸ்மூத்திங்க அணை, இல்லன்னா கோடி ரூபா படமும் சாயங்கால சீரியல் மாரி வழுக்கிகினு ஓடும். எச்டிஎம்ஐ-க்குன்னு செட்டிங்ல தனியா ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பேரு, கடைலருந்து வரச்சொல்ல நெறய டிவில அது ஆஃப்ல தான் இருக்கும், அத ஆன் பண்ணலன்னா நாளைக்கு பிளேயர் வாங்கி மாட்டினாலும் எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் விரிவா காட்டற முறை, வராது. கேபிளுக்கு பிரீமியம் ஹை ஸ்பீடுன்னு போட்டது, 18 ஜிபிபிஎஸ், ரெண்டு மீட்டருக்குள்ள வாங்கு, சில நூறு ரூபா தான் ஆவும். கடலோரமா இருக்கறவங்க சும்மா கெடக்கற போர்ட்டுக்கு மூடி போட்டு வைங்க, எங்க ஏரியா உப்பு காத்துல மஞ்சளா இருக்கற பின்னு பச்சையா பூத்துரும்.

கலர் ரூம்:

நான் சாலிகிராமத்துல டிஐ, அதாவது படத்துக்கு கலர் சரி பண்ற வேல பாக்கறேன், வீடு பெரம்பூர். படிக்கட்டு கோடு ஏன் வருதுன்னு யாருமே சொல்லல, அதான் எழுதறேன்.

சாதா 8 பிட் வீடியோல ஒரு கலருக்கு 256 படி தான். எச்டிஆர்ல 10 பிட், 1024 படி. ராத்திரி வானம்னா இருட்டுக்கும் கொஞ்சம் கம்மியான இருட்டுக்கும் நடுவுல தான் மொத்த விஷயமும் நடக்குது, அங்க படி கம்மியானா கோடு விழும். அது போக நெட்ல வரும்போது அந்த இருட்ட தான் மொதல்ல சுருக்குவான், ஏன்னா யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு கணக்கு. 4கே பாக்க 15 எம்பிபிஎஸ் நெட்டு போதும்னு நெட்ஃப்ளிக்ஸே சொல்லுது. டிஸ்க்குல 128 வரைக்கும் போலாம், தியேட்டருக்கு போற ஃபைல்ல 250 வரைக்கும். 1080பி-ய விட நாலு மடங்கு புள்ளிய 15-க்குள்ள அடைச்சா அது தண்ணி ஊத்துன கஞ்சி தான், பானை மட்டும் பெருசு.

நீங்க தியேட்டர்ல பாத்து வாய பொளந்த படங்கள்ல பாதிக்கு மேல 2கே தான். 2048 புள்ளி அகலம், உங்க டிவில 3840 இருக்கு. கிராபிக்ஸ நாலு மடங்கு ரெண்டர் பண்ண காசும் நேரமும் இல்லாம 2கே-லயே முடிச்சு, வீட்டு ரிலீசுக்கு அதையே பெருசாக்கி 4கே-ன்னு போடறது ஹாலிவுட்லயும் சகஜம். அது பித்தலாட்டம்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா அதுக்கு எச்டிஆர்ல திரும்ப கலர் பண்ணிருப்பாங்க, விளக்கு வெளிச்சம், தீ, கண்ணுல பளபளப்பு எல்லாம் புதுசா எழுந்து வரும், என்ன கேட்டா புள்ளிய விட அது தான் கண்ணுக்கு தெரியற வித்தியாசம். சொல்லப்போனா ஃபிலிம்ல எடுத்த பழைய படத்தோட நெகட்டிவ் நல்லா இருந்து அத 4கே-ல ஸ்கேன் பண்ணா, 2கே-ல முடிச்ச புது டிஜிட்டல் படத்த விட அதுல டீடெயில் ஜாஸ்தி இருக்கும்.

ஆனா டிவியும் ஒத்துழைக்கணும். நாங்க 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தோட அளவு) மானிட்டர்ல பாத்து கலர் பண்றோம், பட்ஜெட் டிவி 300 தாண்டாது, மீதிய அது இஷ்டத்துக்கு அமுக்கிரும். ஆஃபர்ல எடுத்தேன்னு சொல்றீங்க, மாடல் நம்பர் போட்டு நிட்ஸ் எவ்ளோன்னு ஒரு தடவ பாத்துருங்க. அது 300-னா பிளேயருக்கு செலவு பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க.

பழைய வண்ணாரப்பேட்டை பையன்:

யப்பா, இவ்ளோ இருக்கா இதுல. டப்பாவ தொறந்தேன், பின்னாடி தட்டுல சாதா ப்ளூரே ஒண்ணு இருந்துச்சு, ஓடுது! அதே படம் ஓடிடி-லயும் இருக்கு, மாத்தி மாத்தி போட்டு பாத்தேன், 1080பி டிஸ்க்குல அந்த புகை சீன் ஓடிடி 4கே-வ விட சுத்தமா இருக்கு, கட்டம்லாம் காணோம். ஆனா மூஞ்சி கிளோசப்ல, துணி நெசவுல ஓடிடி தான் கூர்மை. விவிட் மோட மாத்துனதுக்கு வீட்ல டிவி மங்கி போச்சுன்னு ஒரே சண்ட. தமிழ் படம்லாம் 4கே டிஸ்க்குல வருமா?

டிஸ்க் பைத்தியம்:

தமிழுக்கு ஓடிடி தான் கதி தம்பி. டிஸ்க் வாங்கறவன் நம்மள மாதிரி நாலு பேரு, அத நம்பி எவன் அச்சடிப்பான். பிளேயர் செய்யறவங்களே கழண்டுகினு இருக்காங்க, ஓப்போ 2018-லயே பிளேயர் செய்யறத நிறுத்திட்டான். ஹாலிவுட் படம் நெறய பாக்கறன்னா மட்டும் கைய வை.

பழைய வண்ணாரப்பேட்டை பையன்:

செகண்ட் ஹேண்ட் பிஎஸ்5 ஒண்ணு வருது, தெரிஞ்ச பையன் தான். எடுக்கலாமா?

காசிமேட்டு காத்து:

டிஸ்க் போடற வாயி இருக்கான்னு பாரு மொதல்ல, டிஜிட்டல் எடிசன்னு ஒண்ணு கீது, அதுல வாயே இருக்காது. எச்டிஆர்லயே இன்னொரு வகையான டால்பி விஷன் பிஎஸ்5-ல வராது, சாதா எச்டிஆர்10 தான் வரும், உன் டிவிக்கு அது போதும். காசு குடுக்கறதுக்கு முன்னாடி மாமா வாங்கியாந்த டிஸ்க்க எடுத்துகினு போய் அவன் வீட்லயே ஒரு முழு படமா ஓட்டி பாரு, பாதில நிக்கிற டிரைவு நெறய சுத்துது மார்க்கெட்ல.