ரிப்போர்ட்டட் ஸ்பீச்: ‘வில்’ எப்போது ‘வுட்’ ஆகும், எப்போது ஆகாது?

மழைக்குருவி கேட்டது:

வாரம் ஒருமுறை வாடிக்கையாளரோடு கான்ஃபரன்ஸ் கால் நடக்கும். அதில் யார் என்ன சொன்னார்கள் என்று மினிட்ஸ் எழுதி அனுப்பும் வேலை இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. நேர்க்கூற்று, அயற்கூற்று அட்டவணையெல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். பிரசன்ட் பாஸ்ட் ஆகும், பாஸ்ட் பாஸ்ட் பெர்ஃபெக்ட் ஆகும், வில் வுட் ஆகும். அதன்படி எழுதினால் என் மேலாளர் சில இடங்களை மாற்றுகிறார், சில இடங்களைத் தொடாமல் விடுகிறார். காரணம் கேட்டால் "படிக்க நன்றாக இல்லை" என்கிறார், அவ்வளவுதான்.

போன வாரத்து உதாரணம். புதன்கிழமை காலில் அவர்கள் சொன்னது: "வீ வில் சென்ட் த டெஸ்ட் டேட்டா டுமாரோ." நான் எழுதியது: "தே செட் தட் தே வுட் சென்ட் த டெஸ்ட் டேட்டா த நெக்ஸ்ட் டே." மேலாளர் மாற்றியது: "தே செட் தே வில் சென்ட் த டெஸ்ட் டேட்டா ஆன் தர்ஸ்டே." அட்டவணைப்படி பார்த்தால் அவர் எழுதியதுதானே தப்பு? ஆனால் அதே மினிட்ஸில் "த சர்வர் இஸ் டவுன்" என்று அவர்கள் சொன்னதை நான் "தே செட் த சர்வர் வாஸ் டவுன்" என்று போட்டிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டார்.

இதில் ஏதாவது விதி இருக்கிறதா, இல்லை எல்லாம் அவரவர் விருப்பமா? அப்புறம் ‘செட்’ எங்கே, ‘டோல்ட்’ எங்கே, கேள்வி கேட்டதை எப்படி எழுதுவது என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கத்தரிக்கோல் எழுதியது:

ஆங்கிலப் பத்திரிகையில் செய்தி திருத்துவதுதான் என் பிழைப்பு. நாள் முழுக்க "அவர் சொன்னார், இவர் சொன்னார்" தான். எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேலாளர் செய்தது சரி. அவருக்கு விளக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சொல்பவர் நீங்கள், நீங்கள் எந்த நாளில், எந்த இடத்தில் நின்று சொல்கிறீர்கள்? ‘வீ’ என்பதை ‘தே’ என்று மாற்றினீர்களே, அது ஏன்? நீங்கள் அவர்கள் கம்பெனி ஆள் இல்லை. அவர்கள் பக்கத்து ஆளே மினிட்ஸ் எழுதியிருந்தால் ‘வீ’ அப்படியே இருந்திருக்கும். இதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ‘டுமாரோ’ வந்தவுடன்தான் எல்லோரும் அட்டவணையைத் தேடி ஓடுகிறார்கள்.

புதன்கிழமை மாலையே மினிட்ஸ் அனுப்பி, அன்றைக்கே படிப்பார்கள் என்றால் ‘டுமாரோ’ என்றே எழுதலாம். நாளை இன்னும் நாளைதானே? வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எழுதினால் ‘த நெக்ஸ்ட் டே’. ஆனால் மினிட்ஸை ஒருவர் அன்றே படிப்பார், இன்னொருவர் சண்டை வந்தபிறகு மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்ப்பார். அதனால்தான் ‘தர்ஸ்டே’. எங்கள் வேலையிலும் இதே தலைவலி உண்டு. ஒருவர் மாலையில் "டுமாரோ" என்று பேசுவார், நிருபர் இரவு எழுதுவார், வாசகர் மறுநாள் காலையில் படிப்பார். அவர் சொன்ன ‘நாளை’ வாசகருக்கு ‘இன்று’ ஆகிவிடும். கிழமையின் பெயரைப் போட்டுவிட்டால் யாருக்கும் குழப்பமில்லை.

இனி வில்லும் வுட்டும். ‘செட்’ இறந்தகாலத்தில் இருப்பதால் பின்னால் வருவதையும் ஒருபடி பின்னுக்கு இழுக்கும். வழக்கம் அதுதான். ஆனால் சொன்ன விஷயம் நீங்கள் எழுதும் நேரத்திலும் உயிரோடு இருந்தால் இழுக்காமல் விடலாம். வியாழக்கிழமை இன்னும் வரவில்லை, வாக்கு இன்னும் நிற்கிறது, எனவே ‘வில்’ செல்லும். ‘வுட்’ போட்டிருந்தாலும் இலக்கணப்படி தப்பில்லை. இதே வாக்கியத்தை வியாழன் கடந்து, டேட்டா வராமல் போனபிறகு எழுதுங்கள்: "தே செட் தே வுட் சென்ட் இட் ஆன் தர்ஸ்டே, பட் நத்திங் கேம்." இங்கே ‘வில்’ போட முடியாது.

சர்வர் கதையும் இதேதான். மினிட்ஸ் போகும்போது சர்வர் எழுந்துவிட்டிருக்கும். "தே செட் த சர்வர் இஸ் டவுன்" என்று எழுதியிருந்தால் படிப்பவர் உடனே போனை எடுத்திருப்பார்.

இன்னொரு நுணுக்கம் உண்டு, டெஸ்கில் நாங்கள் இதை நம்பித்தான் வாழ்கிறோம். ஓர் அதிகாரி "த பிரிட்ஜ் இஸ் சேஃப்" என்கிறார். "ஹி செட் த பிரிட்ஜ் இஸ் சேஃப்" என்று போட்டால் நாங்களும் கூடவே கையெழுத்துப் போட்டதுபோல் ஒரு தொனி வந்துவிடுகிறது. ‘வாஸ் சேஃப்’ என்றால் பொறுப்பு சொன்னவரோடு நிற்கும். அவரை நம்பவில்லை என்று அர்த்தமில்லை, நாங்கள் உத்தரவாதம் தரவில்லை, அவ்வளவுதான்.

‘சேஸ்’ என்று நிகழ்காலத்தில் தொடங்கினால் காலத்தை மாற்றவே வேண்டாம்: "ஹி சேஸ் த டேட்டா இஸ் ரெடி." ஆள், இடம், நாள் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

பாஸ்ட் வந்தால் கட்டாயம் பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்பதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ஹேட், ஹேட்’ என்று வந்தால் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும். எது முன்னால் நடந்தது என்பது தெளிவாக இருந்தால் வெறும் பாஸ்ட் போதும்: "தே செட் தே ஃபிக்ஸ்ட் த பக் ஆன் மண்டே." அவசியமான இடங்களும் உண்டு. "ஹி செட் ஹி வொர்க்ட் தேர்" என்றால் அவர் சொன்னது "ஐ வொர்க் ஹியர்" என்பதா, "ஐ வொர்க்ட் ஹியர்" என்பதா? இரண்டும் இருக்கலாம். முன்பு வேலை பார்த்ததைத்தான் சொன்னார் என்றால் ‘ஹேட் வொர்க்ட்’ போட்டுத்தான் தீரவேண்டும்.

‘கேன்’ ‘குட்’ ஆகும், ‘மே’ ‘மைட்’ ஆகும். ‘வுட்’, ‘குட்’, ‘ஷுட்’, ‘மைட்’ எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ‘மஸ்ட்’ மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கட்டாயம் என்ற பொருளில் வந்தால் ‘ஹேட் டு’ ஆகலாம். "இட் மஸ்ட் பி அ நெட்வொர்க் இஷ்யூ" என்று ஊகத்தில் சொல்லியிருந்தால் அது ‘மஸ்ட்’ ஆகவே இருக்கட்டும். அதைப் போய் ‘ஹேட் டு பி’ ஆக்கவேண்டாம்.

சாக்பீஸ் எழுதியது:

கத்தரிக்கோல் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் தேர்வு எழுதப்போகிறவர் யாராவது இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை: விடைத்தாளில் "வாக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது" என்று வாதாட முடியாது. மாற்றி எழுதச் சொன்னால் முழுதாக மாற்றி எழுதுங்கள். "த எர்த் கோஸ் ரவுண்ட் த சன்" மாதிரி என்றைக்கும் பொருந்தும் உண்மையை மட்டும் நிகழ்காலத்தில் விடுங்கள்.

நான் டியூஷன் எடுக்கிறவள். நம் பிள்ளைகள் காலத்தில் தடுமாறுவதைவிடக் கேள்வியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். காரணம் நம் ‘என்று’. "லாக் ஃபைலை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டார்" என்கிறோம். உள்ளே கேள்வி கேள்வியாகவே முழுசாக உட்கார்ந்திருக்கிறது, ‘என்று’ அதை அப்படியே தூக்கிக்கொண்டு வருகிறது. அந்தப் பழக்கத்தில் "தே ஆஸ்க்ட் வேர் டூ யூ ஸ்டோர் த லாக்ஸ்" என்று வந்துவிடும். ஆங்கிலத்தில் உள்ளே போன கேள்வி சாதாரண வாக்கியத்தின் வரிசைக்கு வந்துவிட வேண்டும். ‘டூ’ போய்விடும், கேள்விக்குறி போய்விடும்: "தே ஆஸ்க்ட் வேர் வீ ஸ்டோர்ட் த லாக்ஸ்." ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியானால் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ போட வேண்டும்: "தே ஆஸ்க்ட் இஃப் த பில்ட் வாஸ் ரெடி." ‘ஆஸ்க்ட் தட்’ என்று எழுதி நடுவில் ஒரு கேள்வியைச் செருகுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

‘டோல்ட்’ என்றால் யாரிடம் என்பது உடனே பின்னால் வரவேண்டும்: "தே டோல்ட் அஸ் தட்..." ‘தே டோல்ட் தட்’ தப்பு. ‘செட்’டுக்கு ஆள் தேவையில்லை, வேண்டுமென்றால் ‘செட் டு அஸ்’. ஆள் இருந்தால் ‘டோல்ட்’தான் இயல்பாக இருக்கும்.

செய், செய்யாதே என்பவை சுலபம். "டோன்ட் டச் த லைவ் சர்வர்" என்பது "தே டோல்ட் அஸ் நாட் டு டச் த லைவ் சர்வர்" ஆகும். காலத்தை மாற்றும் பேச்சே இல்லை.

நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது, ஆங்கிலத்தில் அது இல்லை. "தான் தாமதமாக வந்ததாக டெஸ்டர் டெவலப்பரிடம் சொன்னார்" என்றால் அந்தத் ‘தான்’ டெஸ்டர்தான். "த டெஸ்டர் டோல்ட் த டெவலப்பர் தட் ஹி வாஸ் லேட்" என்றால் தாமதமாக வந்தவர் யார்? தெரியாது. மினிட்ஸில் இப்படி வந்தால் வெட்கப்படாமல் ஆளைத் திரும்பவும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

நடுநிசி எழுதியது:

ஒவ்வொரு வரியிலும் ‘செட்’ என்று இருந்தால் போரடிக்காதா? ‘ப்ராமிஸ்ட் டு சென்ட்’, ‘ரிஃப்யூஸ்ட் டு சைன்’, ‘டினைட் டிலீட்டிங் த ஃபைல்’, ‘வார்ன்ட் அஸ் நாட் டு வெயிட்’ என்று எத்தனையோ இருக்கின்றன. ஒரே சொல்லில் விஷயம் முடிந்துவிடும். ஆனால் ‘சஜஸ்ட்’டில் ஜாக்கிரதை. ‘தே சஜஸ்டட் அஸ் டு வெயிட்’ என்று பலபேர் எழுதிப் பார்க்கிறேன். ‘தே சஜஸ்டட் வெயிட்டிங்’ அல்லது ‘தே சஜஸ்டட் தட் வீ வெயிட்’ என்பதே சரி. "லெட்ஸ் வெயிட்" என்று சொன்னதையும் இப்படித்தான் மாற்ற வேண்டும்.

கத்தரிக்கோல் எழுதியது:

நடுநிசி, சஜஸ்ட் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. ஆனால் ‘செட்’ போரடிக்கும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘செட்’ கண்ணில் படாமலேயே கடந்துபோகும், அதுதான் அதன் பெருமை. ‘அட்மிட்டட்’ என்றால் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றாகிவிடும். ‘க்ளெய்ம்ட்’ என்றால் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்றாகிவிடும். புதிதாகச் சேர்கிற நிருபர்கள் அழகுக்காக இவற்றைத் தூவிவிடுவார்கள், உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுப்பது என் வேலை. மினிட்ஸில் இது இன்னும் ஆபத்து. அவர்கள் "வீ வில் சீ" என்று இழுத்திருப்பார்கள், நீங்கள் ‘தே அக்ரீட் டு டூ இட்’ என்று எழுதினால் அடுத்த காலில் முதல் பஞ்சாயத்தே அதுதான். உண்மையிலேயே வாக்குக் கொடுத்திருந்தால் மட்டும் ‘ப்ராமிஸ்ட்’, ‘அக்ரீட்’. மற்றதற்கெல்லாம் ‘செட்’ போதும்.

மழைக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்றைய காலில் வந்த ஒன்றை எழுதிப் பார்த்திருக்கிறேன், சரியா என்று சொல்லுங்கள். அவர்கள் சொன்னது: "கேன் யூ ஷேர் த லாக்ஸ் பை ஃப்ரைடே? வீ கேனாட் ஸ்டார்ட் வித்தவுட் தெம்." நான் எழுதியது: "தே ஆஸ்க்ட் இஃப் வீ குட் ஷேர் த லாக்ஸ் பை ஃப்ரைடே. தே செட் தே குட் நாட் ஸ்டார்ட் வித்தவுட் தெம்." மினிட்ஸ் இன்று இரவே போகிறது.

சாக்பீஸ் எழுதியது:

இலக்கணம் சரி, முழு மதிப்பெண். ஆனால் "கேன் யூ" என்று அவர்கள் கேட்டது உங்களுக்கு முடியுமா என்று தெரிந்துகொள்ள இல்லை, அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டது. எனவே "தே ஆஸ்க்ட் அஸ் டு ஷேர் த லாக்ஸ் பை ஃப்ரைடே" என்றால் வேலை யாருடையது என்பது இன்னும் பளிச்சென்று தெரியும்.

கத்தரிக்கோல் எழுதியது:

இரண்டாவது வரியை ‘கேனாட்’ என்றே விடுங்கள். ‘குட் நாட் ஸ்டார்ட்’ என்று படித்தால் ஏற்கெனவே தொடங்கப் பார்த்து முடியாமல் போய்விட்டது என்றும் தோன்றலாம். இன்று இரவு அனுப்புகிறீர்கள், லாக்ஸ் இன்னும் போகவில்லை, அவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்: "தே செட் தே கேனாட் ஸ்டார்ட் வித்தவுட் தெம்." வெள்ளிக்கிழமையோடு தேதியையும் சேர்த்துவிடுங்கள்.