மீட்கப்பட்ட 7 மாத நாய்க்குட்டி கட்டிலுக்கு அடியை விட்டு வர மறுக்கிறாள், என்ன செய்யலாம்?

கேள்வி:
காப்பகத்திலிருந்து ஒரு பெண் குட்டியை இந்த வாரம்தான் தத்தெடுத்தோம். கலப்பினம், என்னென்ன கலந்திருக்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அங்கே வாலாட்டிக்கொண்டு மடியில் ஏறியவள், வீட்டுக்கு வந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறாள். நாங்கள் விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் சாப்பிடுகிறாள். என் கணவர் கையை நீட்டினாலே ஒண்ணுக்குப் போய்விடுகிறாள். 9 வயதுப் பையனோ அவளைக் கொஞ்ச வேண்டும் என்று துடிக்கிறான். வெளியே இழுத்துப் பழக்கலாமா? இவள் சுபாவமே இதுதானோ என்று நினைத்தால் மனசு கலங்குகிறது.

பதில் 1:
தயவுசெய்து இழுக்காதீர்கள். ஒளிந்துகொள்ள இருக்கும் ஒரே இடத்துக்குள்ளும் கை வந்து பிடித்தால், பயந்த நாய்க்கு அப்புறம் கடிப்பதைத் தவிர வேறு வழி தெரியாது. சுபாவத்தைப் பற்றி இப்போதே முடிவுகட்ட வேண்டாம். மீட்பு வேலையில் இருப்பவர்கள் 3-3-3 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: பதற்றம் தணிய 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று ஒட்டிக்கொள்ள 3 மாதம். தோராயம்தான், பயந்த குட்டிக்கு இன்னும் கூட ஆகும்.

கையைப் பார்த்ததும் சிறுநீர் போவது, 'அடங்கிப் போகிறேன், ஒன்றும் செய்துவிடாதே' என்று அவள் சொல்வது. திட்டினால் இன்னும் அதிகமாகும். உங்கள் கணவர் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, கண்ணை நேராகப் பார்க்காமல், ஏதாவது தின்பண்டத்தைத் தள்ளிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கட்டும். அவளாக வந்து மோந்து பார்த்தாலும் தலைக்கு மேலே கை போகக் கூடாது, நெஞ்சுப் பக்கம் மெதுவாகத் தடவலாம். பையன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மெல்லிய குரலில் புத்தகம் வாசிக்கலாம், அந்தக் குரல் அவளுக்குப் பழகும்.

பதில் 2:
எல்லாம் சரி, வாசல் கதவை யாரும் சொல்லவில்லையே! புதிதாக வந்த நாய்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். பயந்து பின்னால் இழுத்தால் கழுத்துப்பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும், அதனால் உடம்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸும் கழுத்துப்பட்டையும் இரண்டும் வேண்டும். மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள எண் சில்லு) இருந்தால் அந்த எண்ணுக்கான பதிவேட்டில் உங்கள் தொலைபேசி எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பதில் 3:
இழுக்கக் கூடாது, ஆனால் முழுசாகக் கண்டுகொள்ளாமல் விடுவதும் சரியில்லை. சாப்பாடு, வெளியே போவது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும், அடுத்து என்ன வரும் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். காப்பகத்தில் கொடுத்த அதே உணவைக் கொடுங்கள், மாற்றுவதென்றால் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். இரவிலாவது சாப்பிடுகிறாள் என்பது நல்ல செய்தி. அதுவும் நின்று, வாந்தியோ ரத்தம் கலந்த பேதியோ வந்தால் காத்திருக்காதீர்கள், தடுப்பூசி முழுமையாகப் போடாத இளம் நாய்களுக்குப் பார்வோ வைரஸ் உயிரையே எடுத்துவிடும். தடுப்பூசி அட்டையோடு கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

என்ன இனம் என்பதை விட்டுத்தள்ளுங்கள். தோற்றத்தை வைத்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே அடிக்கடி தப்பும்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. முதலில் ஹார்னஸ் வாங்குகிறோம். இரவில் அவளை அந்த அறையில் தனியாக விடலாமா?

பதில் 1:
வேண்டாம், யாராவது ஒருவர் அதே அறையில் படுங்கள். கூப்பிடவோ தொடவோ வேண்டாம், நீங்கள் தூங்கும்போது அவளே வந்து உங்களை மோந்து பார்ப்பாள்.