உதவி தேவை: வெப்கேம் தள விளம்பரத்திற்கு எந்த வலையமைப்பு? வருகை குவிகிறது, பதிவு விழவில்லை

உட்லண்ட்ஸ்வாசி:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இணைய விளம்பர வேலையைத் தனியாக எடுத்துச் செய்கிறேன். உணவகம், டியூஷன் நிலையம், நகைக்கடை என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் ஐரோப்பிய நிறுவனம் ஒன்று வந்திருக்கிறது. பெரியவர்களுக்கான வெப்கேம் தளம் நடத்துகிறார்கள். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் உறுப்பினர்களைச் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். கூகுளும் மெட்டாவும் இத்தகைய விளம்பரத்தை ஏற்பதில்லை என்பதால், இந்தத் துறைக்கென்றே இருக்கும், பல தளங்களில் விளம்பர இடம் விற்கும் ஒரு வலையமைப்பில் பாப்-அண்டர் விளம்பரம் ஓட்டினேன். வருகை ஆயிரக்கணக்கில் காட்டுகிறது, பதிவு ஒன்றுகூட இல்லை. ஜெர்மனிக்கான அன்றாடத் தொகை சிங்கப்பூர் நேரம் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் தீர்ந்துவிடுகிறது. வலையமைப்பை மாற்றினால் சரியாகுமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

செங்காங்காரர்:
தம்பி, வலையமைப்பை மாற்றும் முன் அந்த எட்டு மணியைப் பாருங்கள். உங்கள் கணக்கு உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அங்கே நள்ளிரவு தாண்டி நாள் புதிதாகும்போது இங்கே காலை எட்டு, பெர்லினில் கோடைக்காலமென்றால் அதிகாலை இரண்டு. நான்கரைக்குள் பணம் போய்விடுகிறது. உண்மையான ஜெர்மானியர் தூங்குகிற நேரத்தில் வந்து போனவை பெரும்பாலும் இயந்திரங்கள்தாம். தொகையை நாள் முழுவதும் சீராகப் பிரித்துத் தருமாறு அமைத்து, அவர்களுடைய மாலை ஆறு முதல் நள்ளிரவு வரை மட்டும் ஓட விடுங்கள்.

அடுத்து, பாப்-அண்டரில் யாரும் எதையும் அழுத்துவதில்லை. வேறொரு தளத்தில் எங்கோ தொட்டவருக்கு உங்கள் பக்கம் பின்னால் திறக்கிறது, அவ்வளவுதான். அதை வருகை என்று கணக்கிட்டு ஆயிரத்திற்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறார்கள். ஒரே ஆளுக்கு 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் காட்டாதபடி வரம்பு போட்டீர்களா? போடாவிட்டால் ஒருவருக்கே பத்து முறை திறக்கும்.

வலையமைப்பைப் பொறுத்தவரை, எக்ஸோகிளிக் (பார்சிலோனாவிலிருந்து 2006 முதல் இயங்குவது), டிராஃபிக்ஜங்கி, ஜூசிஆட்ஸ் ஆகியவை இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்தவை. டிராஃபிக்ஜங்கி போர்ன்ஹப்பின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்தது. தன் குழுமத்தின் சொந்தத் தளங்களில் இடம் விற்பவரிடம் விளம்பரம் எங்கே வருகிறது என்பது தெரியும். ஆயிரம் சிறு தளங்களிடமிருந்து மிச்ச இடத்தை வாங்கி விற்பவரிடம் விலை மலிவு, அழுக்கும் அதிகம். பெயரைப் பார்க்காதீர்கள். விளம்பரம் வரும் ஒவ்வோர் இடத்துக்கும் தனி எண் கொடுத்து, வேண்டாததை அந்த எண்ணால் தடுக்க விடுகிறார்களா என்று பாருங்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் ஒரு வெள்ளிகூடப் போடாதீர்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
மிக்க நன்றி அண்ணன். இட எண் வாரியான அறிக்கையை இறக்கினேன். மூன்று எண்களே பாதிக்கு மேல் தின்றிருக்கின்றன. மூன்றிலும் வந்தவர்கள் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. அவற்றைத் தடுத்துவிட்டேன். ஆனால் ஒன்று புரியவில்லை. தங்கள் பக்கத்தில் சில பதிவுகள் வந்ததாக வாடிக்கையாளர் சொல்கிறார். என் கணக்கில் பூஜ்யமாக நிற்கிறது.

செங்காங்காரர்:
அப்படியானால் போஸ்ட்பேக், அதாவது பதிவு நடந்ததை வலையமைப்புக்குத் திரும்பச் சொல்லும் இணைப்பு, அறுந்திருக்கிறது. வலையமைப்பு ஒவ்வொரு வருகைக்கும் தரும் அடையாள எண், உங்கள் இணைப்பு வழியாக அவர்கள் தளத்துக்குப் போய், பதிவு முடிந்ததும் திரும்பி வர வேண்டும். இடையில் ஒரு திசைமாற்றுப் பக்கம் இருந்தால் அங்கேதான் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். நீங்களே ஒரு சோதனை வருகை அனுப்பி, கடைசிப் பக்கத்தின் முகவரியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாகும் வரை எந்த இடம் நல்லது, எது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லவே முடியாது.

தேக்கா வாசகி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தொழில்நுட்பத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று பேசப்படாமல் இருக்கிறது. தம்பி, நீங்கள் உட்கார்ந்து வேலை செய்வது சிங்கப்பூரில். குற்றவியல் சட்டத்தின் 292ஆம் பிரிவு ஆபாசப் பொருளை மின்வழியில் அனுப்புவதை மட்டும் சொல்லவில்லை, அது இன்னாரிடம் கிடைக்கும் என்று விளம்பரப்படுத்துவதையும் சொல்கிறது. சந்தா கட்டிப் பார்க்கும் தளமான ஓன்லிஃபேன்ஸில் ஆபாசப் படங்களைப் பதிவிட்ட இளைஞர் ஒருவருக்கு 2022இல் மூன்று வாரச் சிறையும் 3,000 வெள்ளி அபராதமும் விதித்தார்கள். போலீஸ் உத்தரவை மீறியதும் அந்த வழக்கில் சேர்ந்தது. சிங்கப்பூரை இலக்கு நாடுகளிலிருந்து நீக்கிவிட்டேன், அதனால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். அதற்கு ஆகும் செலவை விட உங்கள் பெயர் பெரிது. வீட்டில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. பேனரில் வரும் பெண்களின் படம் எங்கிருந்து வந்தது? இணையத்தில் கிடைத்ததை வெட்டி ஒட்டும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. அந்தப் பெண்ணுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து மாஸ்டர்கார்டே இத்தகைய தளங்களிடம், படத்தில் இருப்பவரின் வயதுக்கும் சம்மதத்துக்கும் ஆவணம் கேட்கிறது. நிறுவனம் எழுத்தில் உறுதி தராத எந்தப் படத்தையும் தொடாதீர்கள். ‘உங்கள் தெருவிலேயே காத்திருக்கிறாள்’ போன்ற பொய் வாசகமும் வேண்டாம்.

ஜூரோங் வெஸ்ட்:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாச உள்ளடக்கம் உள்ள தளங்கள் வயதை உறுதியாகச் சோதிக்க வேண்டும், வெறுமனே ‘18 ஆகிவிட்டது’ என்று பொத்தானை அழுத்தச் சொன்னால் போதாது. ஆகவே பிரிட்டனில் பதிவு குறைவதற்கு அந்தப் படியும் காரணமாக இருக்கலாம். ஜெர்மனியையும் பிரிட்டனையும் ஒரே விளம்பரத்தில் கலக்காமல் தனித்தனியாக ஓட்டினால்தான் இது தெரியவரும்.

கட்டண அட்டை நிறுவனங்களின் பிடியையும் நினைவில் வையுங்கள். 2022 ஆகஸ்டில் விசா டிராஃபிக்ஜங்கிக்கான அட்டைக் கட்டணத்தை நிறுத்தியது. எந்த வலையமைப்பானாலும் பெரிய தொகையை முன்பணமாக அங்கே தேக்கி வைக்காதீர்கள். செலவழிக்காத பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஊதியம் எப்படி? இலவசப் பதிவுக்கு ஒரு தொகை என்றால் போலிப் பதிவு குவியும், பிறகு வாடிக்கையாளர் கழித்துக்கொள்வார். வெப்கேம் தளத்தில் வருமானம் முதல் நாளில் வருவதில்லை. சிலர் மட்டும் திரும்பத் திரும்ப வந்து, தளத்தில் செலவழிக்கும் டோக்கனைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதனால் வருமானப் பங்கு நீண்ட காலத்திற்கு நல்லதுதான், ஆனால் அதுவரை விளம்பரச் செலவை யார் தாங்குவது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
மூவருக்கும் நன்றி. அண்ணன் சொன்ன இடத்தில்தான் அறுந்திருந்தது: திசைமாற்றுப் பக்கம் அடையாள எண்ணை விட்டுவிட்டது. விளம்பரத்தை இன்று மாலையே நிறுத்திவிட்டேன். படங்களின் சம்மத ஆவணத்தைக் கேட்டு வாடிக்கையாளருக்கு எழுதியிருக்கிறேன். அக்கா, 292ஆம் பிரிவைப் படித்தேன், மனம் அமைதியாக இல்லை. வழக்கறிஞரைப் பார்க்கும் வரை இந்த வேலையைத் தொடமாட்டேன். இணையக் குற்ற வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞரை எப்படித் தேடுவது?

தேக்கா வாசகி:
சிங்கப்பூர் வழக்கறிஞர் சங்கத்தின் இணையதளத்தில் துறைவாரியாகத் தேடலாம். சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனை தனிப்பட்ட பிரச்சினைகளுக்கானது, தொழில் ஒப்பந்தத்திற்கு அங்கே பதில் கிடைக்காது. போகும்போது ஒப்பந்தம், விளம்பர வாசகம், பேனர், இலக்கு நாடுகளின் பட்டியல் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள்.